ஊக்கந் தளராமை

சிவமயம்



திருவள்ளுவ நாயனார் பொருட்பாலின்கண் ஊக்கமுடைமையை 60ஆவது அதிகாரமாக வைத்தார். அதன்பின் மடியின்மையை 61ஆவதாகவும், ஆள்வினையுடைமையை 62ஆவதாகவும், இடுக்கணழியாமையை 63ஆவதாகவும் வைத்தார். இம்முறைவைப்பு நோக்காது கடந்து செல்லத்தக்கதன்று. ஊக்கம் ஒன்றே ஒரு கருமத்தை முடிக்க வல்லதாயின், அதனைக் கூறியபின் ஏனைய மூன்றும் வேண்டப்படா. ஊக்கம் பிறந்த உள்ளத்திலேயே சோம்பல் குடிபுகுதலும், சோம்பலை நீக்கியவனும் முயற்சியை நெடுங்காலஞ் செலுத்தவேண்டியிருத்தலும், அங்ஙனஞ் செலுத்துமிடத்து இடர்வந்து மோதுதலும் நாயனார் கண்ட உண்மைகள். ஆதலினன்றோ ஊக்கத்தை முதலிற்கூறி அவ்வளவில் நில்லாது மேலுஞ் சென்றார்.

இக்காலத்தில் ஊக்கம் என்னும் சொல்லுக்குப் பெருமதிப்பு உண்டு. ஊக்கமூட்டும் சொற்பொழிவுகளைக் கேட்பதற்கு இளைஞர் திரள்திரளாகச் செல்கின்றனர். கேட்டுவிட்டு மீளும்போது நெஞ்சம் நெருப்பாய் எரிகின்றது. மூன்றாம் நாள் அந்நெருப்பு எங்கே என்று தேடினும் காணக்கிடைப்பதில்லை. பின்னும் ஒரு சொற்பொழிவை நாடுகின்றனர். பசி வந்தபோதெல்லாம் விருந்து வீட்டைத் தேடிச் செல்பவன் தன் வீட்டில் உலை வைக்க எப்பொழுது கற்பான்?

நம்மவர் தொடங்குவதிற் குறைவுடையர் அல்லர். ஐப்பசித் திங்கள் வளர்பிறைப் பிரதமையிலே கந்தசட்டி விரதந் தொடங்குமன்று முருகன் ஆலய வீதிகளிற் கூட்டம் நிறைந்திருக்கும். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அது மெலிந்துபோம். ஆறாம் நாள் சூரன்போர் காண்டற்கு மறுபடியும் பெருகும். முதல்நாளைப் புதுமை நடத்துகின்றது. இறுதிநாளைக் காட்சி நடத்துகின்றது. இடைநாட்களை நடத்துதற்கு அடியாருடைய உறுதியன்றிப் பிறிதொன்றுமில்லை. நமது சங்கங்களின் செய்தியும் இத்தகையதே. முதலாம் ஆண்டறிக்கை எங்குங் கிடைக்கும். மூன்றாம் ஆண்டறிக்கையைத் தேடிப் பார்ப்போர் அதன் அருமையை அறிவர். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கத்தொடங்கும் மாணவன் முதற்கிழமையிலே நேரசூசி ஒன்றை மூவகை மையால் எழுதிச் சுவரில் ஒட்டுகின்றான். நேரசூசி சுவரிலேயே இருக்கின்றது. அதற்குரியவன்தான் வேறிடத்தில் இருக்கின்றான்.

இவ்வெழுச்சி ஏன் நிலைபெறுவதில்லை என்பதற்குச் சைவசித்தாந்த நூல்களில் விடையுண்டு. உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் இயல்பாக உள்ளன. அவை ஆணவமலத்தால் மறைப்புண்டு கிடக்கின்றன. அம்மறைப்பைச் சிறிது விலக்கும்பொருட்டு மாயையின் காரியமாகிய தத்துவங்கள் இறைவனாற் கூட்டப்படுகின்றன. கலை என்னுந் தத்துவம் கிரியையை விளக்கும். வித்தை ஞானத்தை விளக்கும். அராகம் இச்சையை எழுப்பும். இவை சிறிதே விளக்கும் என்று நூல்கள் கூறுவதை உற்றுநோக்குக. இருளறையில் ஏற்றிய விளக்கை இதற்கு உவமை கூறுவர். விளக்கு, அறையிலுள்ள பொருளைக் காட்டுமன்றி இரவைப் பகலாக்க மாட்டாது. காற்றடித்தால் அசையும், நெய் குறைந்தால் மங்கும். அது விளக்குக்குரிய இயல்பு, குற்றமன்று.

நாமோ அராகம் எழுந்த ஒருநாளிலே சூரியன் உதித்துவிட்டான் என்று கருதுகின்றோம். மறுநாள் அது மங்கியபோது, “எனக்கு இக்கருமத்துக்குரிய தகுதியில்லை, இருந்தால் உள்ளம் இங்ஙனம் சோர்வுறுமா?” என்று வினாவுகின்றோம். விளக்கு மங்கியதைக் கண்டு வீடே இல்லை என்பாரை யாது சொல்வது? கருமங்களைக் கைவிட்டவருட் பெரும்பாலார் ஆற்றலின்மையாற் கைவிட்டவர் அல்லர். சோர்வு வந்தமையைத் தகுதியின்மைக்குச் சான்றாகக் கொண்டு கைவிட்டவரே பலர். இவ்வொரு மயக்கத்தினாற் கெட்ட வாழ்க்கைகள் நம்மூரிலே எண்ணிறந்தன என்பது எமது துணிபு.

ஆயின், விளக்கு மங்கிய நாளில் வேலை நடப்பது எவ்வாறு? விளக்கே இல்லாதிருந்த ஒருவர் வேலை செய்த வரலாறு நம் புராணத்தில் உண்டு. அவரிடத்து இதனைக் கேட்டறிவோம்.

திருவாரூரிலே பிறவியிலேயே கண்பார்வை இலராய்த் தோன்றியவர் தண்டியடிகணாயனார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையிலே இவரை வைத்துப் போற்றினார். சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்திலே விரித்துரைத்தார். பூங்கோயிலின் மேற்றிசையிலுள்ள திருக்குளத்தின் பக்கங்களில் அக்காலத்துச் சமணருடைய இருக்கைகள் பெருகினமையால், குளம் இடங்குறைந்து தூர்ந்துபோயிற்று. அதனைத் தோண்டிப் பெருக்குதல் வேண்டும் என்று நாயனார் திருவுளங்கொண்டார். கோயில், குளம், செங்கழுநீரோடை ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் ஐந்து வேலி என்று திருவாரூரைப் பற்றி ஒரு வழக்குண்டு. ஐந்து வேலி ஏறக்குறைய 33 ஏக்கர். யாழ்ப்பாணத்துக் கணக்கிற் கூறின் 500 பரப்புக்கு மேற்படும். கண்ணுள்ளோர் நூற்றுவர் கூடினும் தயங்குதற்குரிய வேலை அது. கண்ணில்லாத ஒருவர், ஒரு மண்வெட்டியும் ஒரு கூடையுங் கொண்டு, தனியே அதனைத் தொடங்கினார்.

அவர் செய்த உபாயத்தைக் கேளுங்கள். குளத்தினுள்ளே மண்வெட்டும் இடத்தில் ஒரு தறி நட்டார். கரையிலே மண்கொட்டும் இடத்தில் மற்றொரு தறி நட்டார். இரண்டற்கும் இடையே கயிறு கட்டினார். மண்ணை வெட்டிக் கூடையில் வாரிக்கொண்டு, கயிற்றைத் தடவியவாறே கரையேறிக் கொட்டினார். அக்கயிற்றையே தடவிக்கொண்டு மீண்டும் இறங்கினார். நாடோறும் இதுவே செய்தார்.

இவ்வரலாற்றைக் கேட்போர் பின்னர் நிகழ்ந்த அற்புதத்தை நினைந்து கண்ணீர் சொரிகின்றனர், அது தக்கதே. கயிற்றைப் பற்றி நினைப்பவர் சிலரே. “பெருமானே, கண்ணைத் தந்தருளுக, பின்பு குளந்தோண்டுவேன்” என்று நாயனார் கூறிற்றிலர். உள்ள கையையும் காலையுங்கொண்டு இல்லாத கண்ணின் வேலையையும் நிறைவேற்றுதற்கு வழிதேடினார். ஒருமுறை சிந்தித்துக் கயிற்றைக் கட்டிவிட்டார். அதன்பின் ஒவ்வொரு கூடைக்கும், “எத்திசையிற் செல்வேன்? செல்லத்தான் வேண்டுமா?” என்று அவர் சிந்திக்க வேண்டியதில்லை. கை கயிற்றைத் தீண்டியவுடன் கால் தானே நடந்தது. உற்சாகம் மிக்க நாளிலும் கயிறு அதே நீளம். உடல் நொந்த நாளிலும் அதே நீளம். அக்கயிற்றின் நீளம் ஒரு கூடைக்குரிய வழியேயன்றி ஐந்து வேலிக்குரிய வழியன்று. அவர் ஒருநாளும் குளத்தைச் சுமக்கவில்லை. கூடையையே சுமந்தார்.

இரண்டாவது தறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளத்தினுள்ளே மட்டும் தறிநட்டு வெட்டுவோர் நம்மிடையே மிகப் பலர். வெட்டிய மண்ணைக் குளத்தினுள்ளேயே ஒருபுறங் குவித்துவிட்டு வியர்வையைத் துடைக்கின்றனர். மழை வந்தவுடன் அம்மண் முன்னிருந்த பள்ளத்துக்கே திரும்பிவிடுகின்றது. நாள்முழுதும் புத்தகத்தை விரித்துப் படித்தும் ஒரு வினாவுக்கேனும் விடையெழுதிப் பாராத மாணவன் இவ்வினத்தைச் சேர்ந்தவன். திருமுறை பயில விரும்பிப் பதிகம் பதிகமாகத் தொட்டு, ஒன்றையும் மனனஞ் செய்யாதவரும் இவ்வினத்தவரே. கரைத்தறி என்பது, இன்று செய்தது முடிந்தது என்று கையால் தொட்டறியத்தக்க ஓர் எல்லை. அவ்வெல்லை இல்லாதவனுக்கு உழைப்பு மிகும், கரை உயராது. கரை உயர்வதைக் காணாத உள்ளம் சோர்வடைதல் வியப்பன்று. சோம்பலால் வந்த சோர்வுக்கு மருந்து வேறு. கரைத்தறி இன்மையால் வந்த சோர்வுக்கு மருந்து வேறு. இரண்டனையும் ஒன்றெனக் கொண்டு பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று வைகின்ற பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக.

இனி, நாயனாருக்கு வந்த இடர். மண்ணை வெட்டினாற் சிற்றுயிர்கள் இறக்கும் என்று சமணர் தடுத்தனர். அவர் விடாது செய்யக்கண்டு, கண்ணோடு செவியும் இழந்தனை போலும் என்று எள்ளினர். இவ்விடத்திற் சமயப்பூசலை விரித்தல் எமது கருத்தன்று. அப்பூசல் அக்காலத்தோடு கழிக. சமண நூலோர் தமிழுக்குச் செய்த நன்மையை நாம் மறந்தோமல்லேம். இங்கே கொள்ளத்தக்கது வேறு. எள்ளல் நாயனாரை நிறுத்தவில்லை. மண்வெட்டியையும் கூடையையும் பறித்து, தறிகளைப் பிடுங்கிக் கயிற்றையும் போக்கியபோதே வேலை நின்றது. அவருடைய வலிமை எங்கிருந்தது என்பதை மாற்றார் நன்கறிந்திருந்தனர். நாம் நம்முடைய வலிமையை அவ்வளவு அறிந்தோமில்லை. பிறர் பழிப்பாரே என்று அஞ்சுகின்றோம். பழிப்பு நம் கயிற்றை அறுப்பதில்லை. நாம் குறித்த நாழிகையிலே கைத்தொலைபேசி ஒலிக்கின்றது, ஒரு செய்தியைப் பார்ப்போம் என்று எடுக்கின்றோம், நாழிகை கழிகின்றது, தறியும் கயிறும் போயின. நம்மை எள்ளாமல், நம்மோடு சிரித்துப் பேசிக்கொண்டே கயிற்றை அவிழ்க்கும் பகை இது.

கயிறு போயபின் நாயனார் செய்தது யாது? வேறு குளந்தேடிற்றிலர். பூங்கோயில் வாயிலை அடைந்து பெருமானிடம் முறையிட்டார். திருமடத்துக்கு மீண்டு அழுதவாறே துயின்றார். பெருமான் கனவிலே தோன்றி அஞ்சவேண்டா என்று அருளினார்; அரசனுக்கும் கனவில் உணர்த்தினார். மறுநாள் நாயனார் அக்குளத்திலே திருவைந்தெழுத்தை ஓதி மூழ்கிக் கண்பெற்று எழுந்தார். குளத்தின் கரைகளைச் செம்மைசெய்து பெருக்கும் வேலையை அரசன் நிறைவேற்றினான். தொடங்கினவர் ஒருவர்; முடித்தவர் மற்றொருவர். ஆயினும் அறுபத்துமூவர் வரிசையில் அத்தொண்டுக்காக வைத்தெண்ணப்படுபவர் கூடை சுமந்தவரே. கண்பெற்ற பின்னும் அவர் தம் தொண்டை விட்டாரில்லை.

கயிறு என்று நாம் கூறியது நியமத்தை. குறித்த இடம், குறித்த நாழிகை, குறித்த அளவு ஆகியவற்றை முன்னரே வரையறுத்துக்கொள்ளுதல் நியமமாகும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு இதனை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆறில்லாத நாடு, சுண்ணக்கல்லின்மேற் படிந்த சிறிதளவு மண், கிணற்றுநீரன்றி வேறு நீரில்லை. வெங்காயத்துக்கு இறைப்புமுறை வந்த விடியலிலே, எனக்கு இன்று ஊக்கம் உண்டா என்று அவன் தன்னை வினாவுவதில்லை. முறை வந்தது, இறைக்கின்றான். துலா மிதித்து இறைத்த காலத்திலும் அவ்வாறே. இயந்திரங்கொண்டு இறைக்கும் இக்காலத்திலும் அவ்வாறே. அவன் வாடிய முகத்தோடு இறைத்தாலும் நீர் வாய்க்காலில் ஓடும். மலர்ந்த முகத்தோடு இறைத்தாலும் அதே நீர்தான் ஓடும். படித்த நாம் மட்டும் உள்ளம் மலர்ந்தபின் இறைப்போம் என்று கிணற்றடியிற் காத்திருக்கின்றோம். பலநாள் அனுபவத்தில் நாம் காண்பது மறுதலையானது: பத்துப் பட்டை இறைத்தபின்னரே உள்ளம் மலரத் தொடங்குகின்றது.

அளவு வரையறுப்பதிலே அறிவு வேண்டும். கந்தபுராணத்தை அருளிய கச்சியப்ப சிவாசாரியர் நாள்தோறும் நூறு பாடல்களாக இயற்றி, இரவிலே காஞ்சிக் குமரகோட்டத்துத் திருவடியில் வைத்தார் என்றும், விடியலிற் பார்க்கும்போது முருகப்பெருமானாலே திருத்தம் செய்யப்பட்டிருக்கக் கண்டார் என்றும் கன்னபரம்பரை கூறும். அந்நூல் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களை உடையது. அவ்வளவையும் நினைந்து எழுத்தாணியை எடுத்தவர் யாரும் எழுதியிரார். நூறு என்ற அன்றைய அளவு அவருக்கு முன்னே இருந்தது. அன்றைய ஏட்டைத் திருவடியில் வைத்துவிட்டு அவர் துயில்கொள்ளச் சென்றார் என்பதையும் காண்க. எழுதியது நன்றோ தீதோ என்று இரவு முழுதும் புரண்டு வருந்தினாரல்லர். திருத்துதல் பெருமான் வேலை என்று விடுத்தார். நூறு என்பது அவருடைய ஆற்றலுக்கு ஏற்ற அளவு. நமக்கு நாலு வரியாக இருக்கலாம். முதல்நாளின் உற்சாகத்தைக் கொண்டு அளவு நிச்சயித்தல் பெரும் பிழை. காய்ச்சலுற்ற நாளிலும் செய்யக்கூடியதையே அளவாகக் கொள்க. நல்ல நாளில் மிகுதியாகச் செய்தற்குத் தடையில்லை.

நமது கோயில்களில் அக்கந்தபுராணத்தைப் படித்துப் பயன்சொல்லும் மரபு நெடுங்காலமாக நிலவியது. ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பொருள்விரிக்க, நாள்தோறும் சிறிது சிறிதாகச் சென்று முடிவெய்தும். எழுத்தறியாதாருங்கூட அப்பெருநூல் முழுவதையும் கேட்டுணர்ந்தது இங்ஙனமே. ஓரிரவிற் படித்து முடிக்க முயன்ற ஊர் ஒன்றுமில்லை.

பழங்கதை வேண்டா, அண்மைக்காலத்து ஒருவரைக் காட்டுக என்பீராயின், சிறுப்பிட்டியிலே 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களைக் காட்டுவோம். சென்னைச் சருவகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். உத்தியோகம் பல வகித்தவர். அவர் பிற்காலத்தை இன்பமாய்க் கழித்தற்கு ஒரு தடையும் இருந்ததில்லை. பழந்தமிழ் நூல்கள் ஏட்டிலேயே அழிந்துபோகின்றன என்னும் கவலை அவரை விடவில்லை. கைபட்ட மாத்திரத்தில் ஏடுகள் சிதைவதையும், பூச்சி அரித்த இடங்களில் எழுத்தே இல்லாமற் போனதையும் தம் பதிப்புரைகளிலே மனமுருகி எழுதினார். எழுதிவிட்டுக் கைகட்டியிருந்தாரல்லர். 1881இல் வீரசோழியம் வெளிவந்தது. 1883இல் இறையனாரகப்பொருள். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம். 1887இல் கலித்தொகை. இவ்வாண்டுகளை உரக்கப் படித்துப் பாருங்கள். ஈராண்டுக்கு ஒரு பெருநூல் கரையேறுகின்றது. கயிற்றின் நீளம் தெரிகின்றதன்றோ!

நல்ல பிரதி கிடைக்கும்வரை காத்திருப்போம் என்று அவர் எண்ணியிருந்தால், காத்திருந்த காலத்தில் இருந்த பிரதியும் பொடியாகியிருக்கும். குறையுடைய பிரதியைக்கொண்டே பதிப்பித்தார். பின்வந்தோர் சிறந்த பிரதிகளைக்கொண்டு அவருடைய பதிப்புகளைத் திருத்தினர். கலித்தொகையை அனந்தராமையர் விரிவாகப் பதிப்பித்தார். இது பிள்ளையவர்களுக்கு இழுக்காமா? நாயனார் தோண்டிய குளத்தை அரசன் பெருக்கினமை நாயனாருக்கு இழுக்காயின் இதுவும் இழுக்காம். பிழையின்றிச் செய்தாலன்றிச் செய்யேன் என்று சொல்வோர் பலரை நாம் அறிவோம். அவர் பிழைசெய்ததும் இல்லை. வேறெதுவுஞ் செய்ததும் இல்லை.

பயன் எப்பொழுது வரும் என்னும் வினா ஊக்கத்தை அரிக்கும் புழு. நியதி என்னுந் தத்துவத்தைப் பற்றி நம் நூல்கள் கூறுவது, ஒருவன் செய்த கருமத்தின் பயன் அவனையே சென்று சேருமாறு வரையறுப்பது அது என்பதாம். பயன் வழிதவறிப் பிறர்வீடு புகாது. ஆதலின் நாடோறும் வாயிலிற்சென்று பயன் வருகின்றதா என்று எட்டிப்பார்த்தல் வேண்டா. பனங்கொட்டையை ஊன்றியவன் பன்னிரண்டாண்டுக்கு மேலுங் காத்திருக்கின்றான். இடையிலே கிண்டிப் பார்ப்பதில்லை.

புழுவினும் கொடியது ஒன்றுண்டு. அது, அயலானுடைய கூடையை எண்ணுதல். தண்டியடிகளுக்குக் கண்ணில்லாமை இவ்வொருவகையில் நன்மையாயிற்று: பக்கத்தில் எவன் எத்தனை கூடை சுமந்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை. நமக்கோ ஊரிலுள்ளார் அனைவருடைய கூடைகளும் உள்ளங்கையிலே படமாய்த் தோன்றுகின்றன. உயர்தரப் பெறுபேறு வெளிவரும் நாளில் நம் வீடுகளில் நிகழ்வதை நினைத்துப்பாருங்கள். தவறிய பிள்ளை ஓர் அறையிற் கதவடைத்துக் கிடக்கின்றான். வெளியே தாயும் தந்தையும் அயல்வீட்டுப் பிள்ளைக்கு வந்த பெறுபேற்றைப் பேசுகின்றனர். அச்சொற்கள் கதவினூடே உள்ளே செல்லுகின்றன. சில பிள்ளைகள் அந்நாளில் உயிரையே வெறுத்துவிடுகின்றனர் என்பதை நாம் மறைத்துப் பேசுதல் கூடாது. பெற்றோர்களே, ஒரு தாளில் அச்சிட்ட மூன்று எழுத்துக்கள் உங்கள் குழந்தையின் கூடைகளை எண்ணி எழுதியவை அல்ல. அன்றிரவு அவன் அருகில் இருங்கள். உணவு கொடுங்கள். அயல்வீட்டைப் பேசாதிருங்கள். மறுமுறை தோற்றுவதா, வேறு தொழில் கற்பதா என்பதை ஒரு கிழமை கழித்துப் பேசலாம். அதற்கு முன்னர் பேசுதற்கு ஒன்றுமில்லை.

வேறு தொழில் என்றமையால் ஓர் ஐயம் எழும். எடுத்த கருமத்தை ஒருபோதும் விடலாகாதோ எனின், விடலாம். ஆனால் எந்த நாளில் விடுவது என்பதிலே தெளிவு வேண்டும். சோர்வுற்ற இரவில் எக்கருமத்தையும் விடற்க. உண்டு துயின்று எழுந்து, நீராடித் திருநீறணிந்து, அமைதியான காலைப்பொழுதில் இருந்து ஆராய்க. இக்கருமம் அறத்தோடு பொருந்துகின்றதா? பிறர்முன் பெருமை கொள்வதற்காக எடுத்ததா, உயிருக்கும் உலகுக்கும் பயன்படுமென்று எடுத்ததா? அந்நிலையிலும் விடுதலே தக்கது என்று தோன்றின், விடுதல் தோல்வியன்று. தெளிந்த காலையில் விட்டவர்கள் வருந்தக் கண்டதில்லை. இருண்ட இரவில் விட்டவர்களே முதுமையில் அதனைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்செறிகின்றனர்.

1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கினின்றும் இடம்பெயர்ந்தோர், இருபதும் இருபத்தைந்தும் ஆண்டு கழிந்தபின் பகுதி பகுதியாகத் தம் நிலத்துக்குத் திரும்பினர். எல்லார்க்கும் எல்லா நிலமும் கிடைத்துவிடவில்லை. கிடைத்த இடத்திலும் கண்டது பற்றைக்காடு. கூரையில்லாத சுவர், சில இடங்களிற் சுவருமில்லை, கிணறு தூர்ந்து கிடந்தது, வேலி எங்கே என்று தெரியவில்லை. தலைமுறை ஒன்று கழிந்த நிலத்தை நோக்கி நின்றபோது அவர்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வந்திருக்கும்? கிணற்றடியைக் கண்டுபிடித்து அதைச் சுற்றி வெட்டத் தொடங்கினோருக்கு, வெட்டிய இடமே அன்றைய அளவாயிற்று. அன்று மாலை உட்காருதற்கு ஒரு பாய் அகலமேனும் வெளி கிடைத்தது. மறுநாள் அவ்வெளியிலிருந்து வெட்டினர். இவர்களுள் ஊக்கமூட்டும் சொற்பொழிவு கேட்டவர் யாரும் இருந்திரார்.

கடைசியாக, நியமம் தவறிய நாளைப் பற்றிக் கூறவேண்டும். கேட்போர் பெரும்பாலார்க்கும் உரிய செய்தி அதுவே. ஐந்து நாள் செய்து ஆறாம் நாள் விட்டவன், ஏழாம் நாளும் வெட்கத்தால் விடுகின்றான். எட்டாம் நாள், எல்லாம் கெட்டது, வருகின்ற தைப்பொங்கலிலிருந்து புதிதாகத் தொடங்குவேன் என்கின்றான். சிவாகமங்கள் இதனை எவ்வாறு நோக்குகின்றன என்பதைக் காண்க. ஆலயத்திலே நித்திய பூசை ஒரு காலம் தவறுதல் சிறு குற்றமன்று. ஆயினும் தவறியதனால் ஆலயத்தை அடைத்துவிடுக என்று ஆகமம் கூறவில்லை. அதற்குரிய பிராயச்சித்தத்தை விதித்தது. எத்தனை காலம் தவறினால் எவ்வளவு செய்தல் வேண்டும் என்று அளவிட்டும் கூறியது. தவறுதல் நிகழும் என்பதை முன்னரே அறிந்து, அதற்கும் ஒரு கிரியையை வகுத்துவைத்த பெருங்கருணை அது. பிராயச்சித்தம் முடிந்தவுடன் அடுத்த காலப் பூசைக்கு மணியடிக்கப்படும்; அப்பூசை ஏனைய நாட்களின் பூசை போன்றதே.

நீங்களும் உங்கள் கருமத்துக்கு அத்தகைய பிராயச்சித்தம் ஒன்றை இன்றே, கயிறு கட்டும்போதே, வரையறுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது சிறிதாயிருக்கட்டும்: விட்ட நாளுக்கு மறுநாள் விடியலில் விளக்கின்முன் இருந்து திருவைந்தெழுத்தை நூற்றெட்டு முறை ஓதுதல் போதும். ஓதி முடிந்ததும் வேறு யோசனை செய்யாது, எழுந்துசென்று அன்றைக்குரிய கூடையை எடுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சிற்றம்பலம்.